அத்தியாயம் 4: அரை பேண்டின் விலை

"எஸ்.பி.எம்.மில் 1119-க்கு ஏ எடுத்தவன் நான். ஆபீஸில் எல்லா மீட்டிங்கும் இங்கிலீஷில்தான். எனக்கு எதுக்கு ஐயெல்ட்ஸ்?" வெளிநாட்டு பி.ஆர். பற்றிப் பேச்செடுத்தால் சுபாங் ஜெயாவில் பத்துப் பேரில் பாதிப் பேராவது இதைச் சொல்வார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எஸ்.எஸ்.15 பக்கம் கோப்பி குடிக்க உட்கார்ந்தால் டெய்லர்ஸ் பிள்ளைகளும் இன்டி பிள்ளைகளும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டுதான் போகிறார்கள். பக்கத்து பண்டார் சன்வேயில் மோனாஷ் பல்கலைக்கழகம் 1998 முதல் இருக்கிறது. ஆங்கிலம் இங்கே வீட்டுச் சாமான்.

ஆனால் உங்கள் கோப்பைப் பார்க்கப்போகிற அதிகாரி எஸ்.எஸ்.15-க்கு வந்து நீங்கள் பேசுவதைக் கேட்கப்போவதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு தாளில் உள்ள நான்கு எண்கள்: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். 1119 ஆங்கிலத் தாளை ஆஸ்திரேலியாவும் கனடாவும் குடிநுழைவுக்குக் கணக்கில் எடுப்பதில்லை, முவெட் தேர்வையும் எடுப்பதில்லை. பட்டப்படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் படித்தவருக்கும் இதே கதிதான். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவரும் தேர்வு எழுதியே ஆகவேண்டும். ஆஸ்திரேலியா பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து கடப்பிதழ்களுக்கு அடிப்படைத் தகுதியை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. மலேசியக் கடப்பிதழ் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த அத்தியாயம் சொல்லவருவது ஒன்றுதான். புள்ளிப் பட்டியலில் வயது குறைந்துகொண்டே போகும். படிப்பு முடிந்துபோன கதை. அனுபவத்துக்கு வருடம் ஓடவேண்டும். இன்னும் உங்கள் கையில் இருக்கிற ஒரே கட்டம் மொழி. அந்தக் கட்டத்தைத்தான் நம்மவர்கள் 'அது ஓகே' என்று தயாரிப்பில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மொழியை வைத்து ஆளைப் பிரிப்பது நமக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்களை மலாயா ரயில்வேயும் அரசு அலுவலகங்களும் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிபர்களாகவும் எடுத்துக்கொண்டன. பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம் அவர்கள் கட்டியது. அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கங்காணியோடு கப்பல் ஏறியவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். சாதியும் நிலமும் சேர்ந்துதான் அந்தப் பிரிவினையைச் செய்தன, ஆங்கிலம் மட்டும் அல்ல. இருந்தாலும் அலுவலக வாசலில் கேட்கப்பட்டது ஆங்கிலம். இன்றைய சுபாங் ஜெயாவே சீஃபீல்டு தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். அந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் இன்று மெல்பர்னுக்கும் டொரொண்டோவுக்கும் விண்ணப்பிக்கும்போது அதே கேள்வி வேறு படிவத்தில் வருகிறது.

ஆஸ்திரேலியா: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

189, 190, 491 ஆகிய மூன்று விசாக்களும் புள்ளி முறையில் நடப்பவை. தகுதிக்கு 65 புள்ளி வேண்டும். ஆங்கிலத்துக்கு மூன்று படிகள். ஐயெல்ட்ஸில் நான்கு பகுதியிலும் பேண்ட் 6 எடுத்தால் உள்ளே நுழையலாம், புள்ளி சுழியம். நான்கிலும் 7 என்றால் 10 புள்ளி. நான்கிலும் 8 என்றால் 20. 'நான்கிலும்' என்பதை அழுத்திப் படியுங்கள். சராசரிக்கு இங்கே மரியாதை இல்லை. மூன்றில் 8.5 வாங்கி எழுத்தில் 6.5 வாங்கியவர் சுழியக்காரர்தான்.

ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 34, திருமணமாகாதவர், மின்பொறியியல் பட்டதாரி, ஷா ஆலம் தொழிற்சாலையில் ஆறு வருட வேலை. வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, வெளிநாட்டு அனுபவத்துக்கு 10, தனி ஆளாக இருப்பதற்கு 10. கூட்டினால் 60. ஆங்கிலத்தில் 6 எடுத்தால் 60-லேயே நிற்பார், 189-இன் கதவு திறக்காது. 7 எடுத்தால் 70. 8 எடுத்தால் 80. அதே மனிதர், அதே பட்டம், அதே தொழிற்சாலை. 65 என்பது வரிசையில் நிற்க அனுமதி மட்டுமே. அழைப்பு புள்ளி அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் போகிறது. பல தொழில்களில் 65-ஐ வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதற்குள் 40-ஆவது பிறந்தநாள் வந்தால் வயதுப் புள்ளி 25-இலிருந்து 15-க்கு இறங்கும். 45-இல் கதவே மூடிவிடும். அதனால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பதற்கும் புள்ளிக் கணக்கில் ஒரு விலை இருக்கிறது.

ஐயெல்ட்ஸுக்குப் பதில் பி.டி.இ. தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய 65, 79 கணக்கை நம்பிப் போகாதீர்கள். 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வுகளுக்கு ஆஸ்திரேலியா அளவை மாற்றிவிட்டது. 10 புள்ளிக்கு இப்போது கேட்டலில் 58, வாசிப்பில் 59, எழுத்தில் 69, பேச்சில் 76 வேண்டும். முதலிரண்டும் இளகியிருக்கின்றன, பின்னிரண்டும் இறுகியிருக்கின்றன. 'கம்ப்யூட்டர்தானே மார்க் போடுது, பேச்சு ஈசி' என்று பி.டி.இ. பக்கம் போனவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

திருமணமானவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் தேர்வுக்குப் போகிறவர் ஒருவர், பெட்டி கட்டுகிறவர் இன்னொருவர் என்று இருக்கும். இது தப்புக் கணக்கு. துணைவர் ஆங்கிலத்தில் 6 எடுத்தாலே 5 புள்ளி. அவருக்கும் தகுதியான தொழில் மதிப்பீடு இருந்தால் 10. இரண்டும் இல்லாவிட்டால் புள்ளி போவதோடு நிற்காது. அடிப்படை ஆங்கிலம்கூட இல்லை என்றால் விசாவுக்கு இரண்டாம் தவணையாக ஆயிரக்கணக்கான டாலர் கட்டவேண்டி வரும். அந்தப் பணத்தில் கிள்ளானில் ஒரு நல்ல ஆங்கில வகுப்புக்கு எத்தனை மாதம் போகலாம் என்று கணக்குப் பாருங்கள். கணவனும் மனைவியும் ஒன்றாகவே படியுங்கள், ஒரே மாதத்தில் எழுதுங்கள்.

கைத்தொழில் தெரிந்தவர்கள், அதாவது வெல்டர், மெக்கானிக், சமையல் வல்லுநர், 8-ஐ நினைத்துப் பயப்படத் தேவையில்லை. முதலாளி எடுத்துக்கொள்ளும் 482 விசாவுக்கு ஐயெல்ட்ஸ் 5 போதும். பிறகு 186 விசாவில் நிரந்தரமாக மாறும்போது நான்கிலும் 6 கேட்பார்கள். வேலைத்தலத்தில் இரண்டு வருடம் இருந்தாலே ஆங்கிலம் தானாக 6-க்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பட்டறையில் பேச்சு வளரும், கடிதம் எழுதுவது வளராது.

தமிழுக்கு 5 புள்ளி

தமிழ்ப்பள்ளியில் படித்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியக் குடிநுழைவுத் துறையிடம் ஒரு பதில் இருக்கிறது: 5 புள்ளி. 'நாட்டி' என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழும் உண்டு. நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும் 'அது இந்தியாக்காரங்களுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள்.

தேர்வு இணையவழி நடக்கிறது. இரண்டு உரையாடல்கள். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், மற்றவர் தமிழில் பேசுவார். நீங்கள் நடுவில் இருந்து அதை இதற்கும் இதை அதற்கும் மாற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு உரையாடலும் 300 சொல் அளவில் இருக்கும். ஒரு துண்டுக்கு 35 சொல்லுக்கு மேல் போகாது. குறிப்பெடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 45, மொத்தம் 90. தேற 63 வேண்டும், எந்த உரையாடலிலும் 29-க்குக் கீழே இறங்கக்கூடாது.

முழுக்க முழுக்க வாய்மொழி என்பதால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தேசியப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களும் எழுதலாம். அவர்கள் இடறும் இடம் வேறு. மருத்துவமனை, காப்புறுதி, வீட்டு வாடகை, நீதிமன்றம், வேலையிடத்துப் புகார் என்றுதான் உரையாடல்கள் வரும். இந்த விஷயங்களையெல்லாம் நாம் மலேசியாவில் தமிழில் பேசுவதே இல்லை. கிளினிக்கில் ஆங்கிலமோ மலாயோ பேசுகிறோம், சாலைப் போக்குவரத்து இலாகாவில் மலாய் பேசுகிறோம். தமிழில் பேச உட்கார்ந்தால் 'சமான்', 'பாசார்', 'சூராட்' என்று மலாய்ச் சொற்கள் தாமாக வந்து விழும். தேர்வாளருக்கு 'சமான்' புரியாது, 'அபராதம்' என்று வரவேண்டும்.

இதற்கு வகுப்பைவிட வானொலி நல்லது. காலையில் மின்னல் எப்.எம். செய்தியைப் போடுங்கள், ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும் நேரம் இதற்கு ஆகும். அடுத்ததாக ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பைக் கேளுங்கள். அந்த நாட்டு மருத்துவக் காப்பீடு, வாடகைச் சட்டம், குழந்தைகள் காப்பகம் பற்றியெல்லாம் தமிழில் பேசுகிறார்கள். தேர்வுக்கு வேண்டிய சொற்கள் அங்கேயே காதில் விழும். சமூக மொழிக்கு ஒருமுறைதான் 5 புள்ளி. மலாயிலும் எழுதி இன்னொரு 5 வாங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

கனடா: ஓர் அரை பேண்டும் 45 புள்ளியும்

2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மொழிக்கு இரண்டு இடத்தில் புள்ளி வருகிறது. நேராக ஒருமுறை. படிப்பையும் அனுபவத்தையும் பெருக்கிக் காட்ட இன்னொரு முறை. இந்த இரண்டாவதுதான் பலர் கண்ணில் படாமல் போவது.

கனடா தன் அளவுகோலை சி.எல்.பி. என்கிறது. ஐயெல்ட்ஸ் ஜெனரல் டிரெய்னிங்கில் கேட்டல் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் சி.எல்.பி. 9. அகாடமிக் தாளைத் தவறிப் பதிவு செய்துவிடாதீர்கள், கனடா அதை ஏற்காது. தனி ஆளுக்கு ஒரு திறனில் சி.எல்.பி. 9 வந்தால் 31 புள்ளி, 8 வந்தால் 23.

இப்போது இரண்டு பேர். இருவரும் தனியர், ஒரே பட்டம், மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவம். முதலாமவர் கேட்டல் 8, வாசிப்பு 7, பேச்சு 7, எழுத்து 7. இரண்டாமவர் எல்லாம் அதே, எழுத்து மட்டும் 6.5. எழுத்தில் 31-க்குப் பதில் 23 என்பதால் 8 புள்ளி போச்சு. அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. நான்கிலும் 9 இருந்தால்தான் பட்டத்துக்குக் கூடுதலாக 25-ம் அனுபவத்துக்குக் கூடுதலாக 50-ம் கிடைக்கும். ஒன்றில் குறைந்தாலும் அவை 13-க்கும் 25-க்கும் இறங்கிவிடும். அங்கே 37. ஆக மொத்தம் 45 புள்ளி, எழுத்துத் தாளில் ஓர் அரை பேண்டுக்கு. அழைப்புக் கோட்டுக்கு ஐந்து பத்துப் புள்ளி குறைவாக இருந்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு 45 என்பது எவ்வளவு என்று தெரியும். முன்பு வேலை உறுதிக் கடிதத்துக்குப் புள்ளி கிடைத்தது. 2025 மார்ச் 25-இல் அதை எடுத்துவிட்டார்கள். மொழியின் கனம் அதனால் இன்னும் கூடியிருக்கிறது.

பிரெஞ்சு தெரிந்தால் கதையே வேறு. பிரெஞ்சில் நான்கு திறனிலும் 7-ஆம் நிலை, ஆங்கிலத்தில் 5-ஆம் நிலை இருந்தால் 50 புள்ளி தனியாக வரும். 2023 முதல் பிரெஞ்சு பேசுவோருக்கென்றே தனிச் சுற்றுகளும் நடக்கின்றன. கோலாலம்பூரில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் சுழியத்திலிருந்து 7-க்கு வர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு ஓரிரு வருடம் பிடிக்கும். 30 வயதுக்குள் இருப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். 38-இல் இருப்பவர் அந்த நேரத்தை ஆங்கில எழுத்துத் தாளில் போடட்டும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

பிரிட்டனின் ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவுக்கு மொழி ஒரு வாசல், புள்ளிப் போட்டி கிடையாது. அந்த வாசல்படியை 2026 ஜனவரி 8 முதல் பி1-இலிருந்து பி2-க்கு உயர்த்திவிட்டார்கள். ஆங்கிலவழிப் பட்டத்தை எக்டிஸ் அமைப்பின் மூலம் உறுதிப்படுத்தித் தேர்விலிருந்து தப்பிக்க இங்கே வழி உண்டு. தாதியர்களுக்கு விசா விதியைவிட அவர்கள் பதிவுக் கழகத்தின் விதிதான் கடினம்: ஐயெல்ட்ஸில் மூன்றில் 7, எழுத்தில் 6.5. மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வு அவர்களுக்கு இயல்பாக இருக்கும். நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதுவது அவர்கள் அன்றாடம் பழகியது.

நியூசிலாந்தின் திறன்சார் பிரிவு சராசரி 6.5 கேட்கிறது. சராசரியை மதிக்கும் நல்ல நாடு.

ஜெர்மனியில் 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்கு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனில் மேலே போகப் போகப் புள்ளி கூடும்: ஏ2-க்கு 1, பி1-க்கு 2, பி2-க்கு 3. நீல அட்டையில் போனவர் ஏ1 ஜெர்மனோடு 27 மாதத்திலும், பி1 இருந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஆங்கிலம் மட்டும் போதும் என்று ஏஜெண்ட் சொன்னால், விசாவுக்குப் போதும், வீடு தேடப் போதாது. கோலாலம்பூரிலேயே கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கும்போது ஏ1 இல்லாமல் விமானம் ஏறுவது வீண் சிரமம்.

சிங்கப்பூரின் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு மொழித் தேர்வு கிடையாது. 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் புள்ளி முறையிலும் மொழிக்குக் கட்டம் இல்லை. அங்கே உங்கள் ஆங்கிலத்தை அளப்பது நேர்முகம்தான்.

எழுத்தில் ஏன் விழுகிறோம்

பேச்சில் நம்மவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். விழுவது எழுத்தில். காரணம் அறிவுக் குறைவு அல்ல, பழக்கம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "லாஸ்ட் டைம் ஐ ஒர்க் இன் ஷா ஆலம், தென் மை பாஸ் ஆஸ்க் மீ டு லீட் த டீம்." சுபாங் ஜெயாவில் யாருக்கும் இதில் தப்புத் தெரியாது. தேர்வாளருக்கு மூன்று தப்பு. 'முன்பு' என்ற பொருளில் 'லாஸ்ட் டைம்', இறந்தகாலம் இல்லாத 'ஒர்க்', அதே போல 'ஆஸ்க்'. 'வேலை பார்த்தேன், கேட்டார்' என்று தமிழில் காலம் பிசகாமல் சொல்கிற அதே ஆள்தான் ஆங்கிலத்தில் மலாய் மொழியில் செய்வதுபோல வினைச்சொல்லை அப்படியே விட்டு, தேவைப்பட்டால் ஒரு 'ஆல்ரெடி' ஒட்டிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க இப்படி எழுதிவிட்டுத் தேர்வன்று மட்டும் கை திருந்தாது.

எழுத்துத் தாள் ஒரு மணி நேரம். முதல் பகுதி 150 சொல், இரண்டாவது 250 சொல். இரண்டாவதுக்கு இரட்டிப்பு மதிப்பு. அதனால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். கருத்துக்குப் பதில் சொன்ன விதம், கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்ற நான்கையும் சமமாகப் பார்க்கிறார்கள். பத்தாயிரம் கடினச் சொல் மனப்பாடம் செய்தவருக்குக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் அங்கே குறையும். யூடியூப்பில் விற்கும் வார்ப்புக் கட்டுரைகளைத் தேர்வாளர்கள் தினம் நூறு பார்க்கிறார்கள். அதை நீங்களும் எழுதினால் உங்கள் முகம் தெரியாது.

தயாரிப்பு முறை எளிது, செய்வதுதான் கடினம். தினம் ஒரு பத்தி எழுதுங்கள். மறுநாள் காலையில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் காலம் சரியா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு இதைத் தவிர வேறு எந்தத் திருத்தமும் வேண்டாம். பிறகு ஒருமை பன்மை. உங்கள் பத்தியைத் திருத்த ஆசிரியரிடம் கொடுப்பதானால், அவர் எவ்வளவு சிவப்பு மை போடுகிறார் என்பதைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் 'பேண்ட் 8 உத்தரவாதம்' தாளைப் பார்த்து அல்ல. கேட்டல் தாளில் 8 எடுக்க 40-க்கு ஏறக்குறைய 35 வேண்டும். எழுத்துப்பிழையும் தப்பாகவே எண்ணப்படும்.

ஏஜெண்ட் விஷயம் தனி அத்தியாயத்தில் வருகிறது. இங்கே ஒன்று மட்டும்: தேர்வு முடிவை 'ஏற்பாடு செய்து தருகிறேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்த் தாள் பிடிபட்டால் அந்த விண்ணப்பத்தோடு போகாது, பல வருடத்துக்கு அந்த நாட்டின் கதவு சாத்தப்படும்.

பதிவு செய்யும் முன்

தேதியை முன்கூட்டியே திட்டமிடுங்கள். ஆஸ்திரேலியா புள்ளிக்கு மூன்று வருடத்துக்குள் எழுதிய தேர்வை ஏற்கிறது, கனடா இரண்டு வருடம்தான். பொறியாளர்களுக்குத் தொழில் மதிப்பீட்டின்போதே ஆங்கில முடிவு கேட்பார்கள் என்பதால் தேர்வை முதலில் எழுதுங்கள், மதிப்பீட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐயெல்ட்ஸில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி வந்திருக்கிறது. எல்லா நாடும் அதை ஏற்பதில்லை என்பதால், பணம் கட்டும் முன் நீங்கள் போகும் நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகப் பெயர். நம் கடப்பிதழில் பெயரும் அப்பா பெயரும் நடுவில் ஒரு ஏ/எல் அல்லது ஏ/பி-யோடு ஒரே வரியில் இருக்கும், குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இணையப் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும், சாய்கோட்டை ஏற்காது. ஒரு படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டுவிட்டு, அடுத்ததில் ஏ/எல்-ஐயும் சேர்த்துப் போட்டு, பட்டச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று பிறகு சத்தியப் பிரமாணம் எழுதி நிரூபிக்க வேண்டியிருக்கும். தேர்வுக்கு மைகார்டுக்குப் பதில் கடப்பிதழைக் கொண்டே பதிவு செய்யுங்கள். முதல் படிவத்தில் பெயரை எப்படிப் பிரித்தீர்களோ அதை ஒரு படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, தொழில் மதிப்பீடு, சி.சி.எல்., விசா எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள்.